தி நைஸ் குழுவின் ஐந்து இசைத்தட்டுகள்: எதை முதலில் வாங்கலாம்?

ஆர்கன் வாசிப்பவர்களும் ஆர்கன் ஒலிக்கு மனத்தைப் பறிகொடுத்தவர்களும் தி நைஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும் என்று மனமாரப் பரிந்துரைக்கிறேன். 1967-இல் தொடங்கி 1970-இல் கலைந்த இந்தக் குழு, கிட்டார் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஆர்கனை மேடையின் முன்வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. இவர்கள் பெயரில் வெளிவந்த, நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டுகள் ஐந்தும் ஒரே தரத்தில் இல்லை. குழுவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நான்காவதாக வந்த 'ஃபைவ் பிரிட்ஜஸ்' தட்டையே முதலில் சொல்வது வழக்கமாகியிருக்கிறது. என் தீர்ப்பு வேறு. கிட்டார்க்காரர் விலகி, ஆர்கன், பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்று மூவராகச் சுருங்கிய பிறகு 1969-இல் வந்த மூன்றாவது தட்டில்தான் இவர்களுடைய பலம் முழுமையாகத் தெரிகிறது.

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லையைத் தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நீளும் எங்கள் பக்கத்தில் ஆலயந்தோறும் ஒரு கீபோர்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாமாலைப் பாட்டின் நான்கு குரல்களையும் ஆர்கன் ஒலியில் வாசித்துச் சபையைப் பாடவைக்கிற ஒருவரும் இருக்கிறார். நானும் அப்படி வாசிக்கிறவன்தான். ஆகவே இந்தத் தட்டுகளை ராக் ரசிகனாக மட்டும் அல்லாமல், இரண்டு கைகளையும் அதே மாதிரிக் கட்டைகளின் மேல் வைத்துப் பழகியவனாகவும் கேட்டு எழுதுகிறேன்.

குழு உருவான விதம் சுவையானது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம் லண்டனில் இம்மீடியட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தி வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்து அந்த நிறுவனத்துக்காகப் பாடிக்கொண்டிருந்த பி. பி. அர்னால்ட் என்ற பாடகிக்குப் பின்னணி வாசிக்கவே 1967-இல் இவர்களைத் திரட்டினார்கள். ஆர்கனில் கீத் எமர்சன், பேஸ் கிட்டாரிலும் பாட்டிலும் லீ ஜாக்சன், கிட்டாரில் டேவிட் ஓலிஸ்ட் ஆகியோர் இருந்தார்கள். சில மாதங்களில் டிரம்ஸுக்கு பிரையன் டேவிசன் வந்து சேர்ந்தார். பாடகி மேடைக்கு வருமுன் கூட்டத்தைச் சூடேற்ற இவர்கள் தனியே வாசித்த சிறு பகுதியே பேசப்படத் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் விண்ட்சர் இசைவிழாவில் தங்கள் பெயரிலேயே வாசித்தார்கள். நவம்பரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், பிங்க் ஃபிளாய்ட் ஆகியோருடன் இங்கிலாந்து முழுவதும் சுற்றுப்பயணம் போனார்கள். பின்னணி வாசிக்க வந்தவர்கள் ஆண்டு முடிவதற்குள் முன்னணிக்கு வந்துவிட்டார்கள்.

தட்டுகளுக்குள் போகுமுன் அந்தக் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் குழுவின் ஒலியில் பாதி அதன் உடலமைப்பிலிருந்து வருகிறது. 1930-களில் லாரன்ஸ் ஹாமண்ட் சந்தைக்குக் கொண்டுவந்த மின் ஆர்கனில் குழாய்களும் இல்லை, துருத்தியும் இல்லை. ஒரு மோட்டார் சுழற்றும் பல் வைத்த உலோகச் சக்கரங்கள், கம்பிச்சுருள் சுற்றிய காந்தங்களின் அருகே ஓடி ஒவ்வொரு சுரத்தையும் மின்சாரமாக எழுப்புகின்றன. பெரிய மாதிரிகளில் இத்தகைய சக்கரங்கள் 91 உண்டு. கட்டைகளுக்கு மேலே டிராபார் எனப்படும் ஒன்பது இழுப்புத் தண்டுகள் ஒரு தொகுதியாக இருக்கும். ஒவ்வொன்றையும் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு அந்தந்த மேற்சுரம் கலக்கும். நம் ஆலயக் கீபோர்டில் 'ஆர்கன்' என்ற பொத்தானை அமுக்கினால் முன்னமே கலந்து வைத்த ஒரு நிறம்தான் கிடைக்கும். ஹாமண்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையால் வாசித்து, மறு கையால் தண்டை இழுத்து நிறத்தை மாற்றலாம். நைஸ் தட்டுகளில் ஒரே சுரவரிசை திரும்ப வரும்போதெல்லாம் வேறு முகத்தோடு வருவது இதனால்தான்.

இன்னும் இரண்டு நுட்பங்களைக் காது கொடுத்துக் கேட்டால் பிடித்துவிடலாம். ஹாமண்டின் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலியின் அளவு கூடாது. அதைக் கூட்டவும் குறைக்கவும் கால் மிதியைத்தான் நம்ப வேண்டும். அதனால் அழுத்தத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. அதற்கென்றே அந்தக் கருவியில் சுரத்தின் தொடக்கத்தில் 'டிங்' என்று ஒரு கூர்மையைச் சேர்க்கும் வசதி ஒன்று உண்டு. ஆனால் முந்தைய கட்டை முழுவதும் விடுபட்ட பிறகு அடுத்ததைத் தொட்டால் மட்டுமே அந்தக் கூர்மை வரும். பாமாலைக்கு வாசிக்கும் நாங்கள் சுரங்களை விட்டுவிடாமல் ஒட்டி ஒட்டியே வாசிக்கக் கற்றவர்கள். எமர்சனோ அதிவேகத்திலும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வெட்டி எடுத்து வாசிக்கிறார். வெட்டிய ஒவ்வொன்றின் தலையிலும் அந்தக் கூர்மை பளிச்சிடுகிறது. இதை வீட்டில் வாசித்துப் பார்க்கிற எவரும் அவருடைய விரல் பயிற்சியின் அளவை உணர்வார்கள்.

மேடையில் அவர் எல்-100 என்ற சிறிய வீட்டு மாதிரியைப் படுத்திய பாடுதான் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. சுரங்கள் தொடர்ந்து ஒலிக்கும்படி கட்டைகளுக்கிடையே கத்தியைச் செருகுவார். கருவியைச் சாய்த்து உலுக்குவார். அதன் மேல் ஏறுவார். இதில் வெறும் வித்தை மட்டும் இருந்தது என்று நான் எண்ணவில்லை. எல்-100-க்குள் எதிரொலிக்காக வைத்திருக்கும் கம்பிச்சுருள் உலுக்கும்போது வெடிச்சத்தம் போல முழங்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தினால் சக்கரங்கள் தளர்ந்து சுரம் மெல்ல மெல்லக் கீழே வழுக்கும். இந்த ஒலிகளை அவர் இடமறிந்து பயன்படுத்தினார். முன்னே வைத்த எல்-100 இத்தகைய முழக்கங்களுக்கும், பின்னாளில் வாங்கிய சி-3 என்ற பெரிய மாதிரி நுணுக்கமான வாசிப்புக்கும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்.

முதல் தட்டான 'தி தாட்ஸ் ஆஃப் எமர்லிஸ்ட் டேவ்ஜாக்' நால்வரும் சேர்ந்து உருவாக்கியது. அக்காலத்து லண்டனின் வண்ணமயமான பாட்டுகள் இதில் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இன்று ஒரு முறை கேட்டால் போதும். ஆனால் 'ரோண்டோ' என்ற எட்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட கருவியிசை ஒன்றுக்காகவே இதை வைத்திருக்கலாம். டேவ் புரூபெக்கின் புகழ்பெற்ற ஜாஸ் மெட்டு ஒன்றிலிருந்து எடுத்தது இது. மூலத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று ஒன்பது எண்ணிக்கையில் ஓடும் தாளத்தை இவர்கள் நாலு நாலாக நிமிர்த்திவிட்டார்கள். சங்கீர்ணத்தைச் சதுசிரமாக்கினால் நுட்பம் போய்விடாதா என்று கேட்கலாம். போகத்தான் செய்கிறது. அதற்குப் பதிலாக ஒரு முரட்டு ஓட்டம் கிடைக்கிறது. டேவிசனும் ஜாக்சனும் தாளத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, ஆர்கன் விருப்பம்போல் திரிகிறது. ஓலிஸ்டின் கிட்டார் அதனோடு மல்லுக்கு நிற்கும் இடங்கள் உயிருள்ளவை.

1968-இல் வந்த 'அமெரிக்கா' என்ற சிறிய தனித்தட்டு இவர்களை நாடறியச் செய்தது. லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் இசைநாடகப் பாட்டைச் சொற்களை நீக்கிக் கருவியிசையாக்கி, இடையே துவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனியின் மெட்டைப் பொருத்தி, அமெரிக்க அரசியலுக்கு எதிரான கண்டனக் குரலாக வாசித்தார்கள். இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் அது 21-ஆம் இடம் வரை ஏறியது. அவ்வாண்டு ஜூன் 26 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இதை வாசிக்கும்போது எமர்சன் அமெரிக்கக் கொடியின் ஓவியத்தை எரித்தார். அரங்கத்தார் குழுவுக்குத் தடை விதித்தார்கள். செய்தி பரபரப்பானதில் இசையின் தரம் பின்னுக்குப் போனது வருத்தத்துக்குரியது. பிறருடைய இரண்டு மெட்டுகளை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றால் மற்றொன்றைக் கேள்வி கேட்கும் அந்த முறை பிற்காலத்து முற்போக்கு ராக் இசைக்குப் பெரிய முன்மாதிரி.

அந்த ஆண்டிலேயே ஓலிஸ்ட் வெளியேறினார். ஸ்டீவ் ஹவ் போன்றோரை வைத்துப் பார்த்தும் வேறு கிட்டார்க்காரர் அமையவில்லை. இனி மூவராகவே தொடர்வது என்று முடிவாயிற்று. இரண்டாவது தட்டான 'ஆர்ஸ் லோங்கா விட்டா பிரெவிஸ்' இந்த மாற்றத்தின் நடுவே பதிவானது. அந்தத் தடுமாற்றம் அதில் கேட்கிறது. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே தொடர் படைப்பாக, சேர்ந்திசைக் குழுவின் (ஆர்கெஸ்ட்ரா) துணையோடு அமைத்தது 1968-இல் துணிச்சல்தான். ஆனால் அதன் முதல் பாகம் பெரும்பாலும் தனி டிரம்ஸாகவே கழிகிறது. பாகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. பாக்கின் மூன்றாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவை எடுத்தாளும் பகுதியில் மட்டும் எல்லாம் கூடிவருகிறது. எங்கள் பாடகர் குழுவை நடத்தும் அண்ணன் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது பாக் ஆச்சே மக்களே, என்ன வேகம் பிடிச்சிருக்கான்!" என்றார். அவருக்கு வேகத்தைப் பற்றிக் குறை இல்லை. இரண்டாம் முறையும் போடச் சொன்னார். முதல் பக்கத்தில் உள்ள சிபேலியஸின் 'கரேலியா' தொகுதி இடையிசையும் நன்று.

இனி மூன்றாவது தட்டு. அதன் பெயரும் 'நைஸ்' என்பதே. இங்கிலாந்து பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது. முதல் பக்கம் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. இரண்டாம் பக்கம் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நேரடியாகப் பதிவானது. கூடத்துப் பக்கத்தில் டிம் ஹார்டினின் 'ஹேங் ஆன் டு எ டிரீம்' பாட்டைப் பியானோவில் எமர்சன் தொடங்கும் விதம், இவர் ஆர்ப்பாட்டக்காரர் மட்டுமே என்று எண்ணுவோர் வாயை அடைக்கும். ஜாக்சனின் கரகரத்த குரல் குழுவின் பலவீனம் என்று பலர் சொல்வதை நான் மறுக்கவில்லை. உரத்த பாட்டுகளில் அது சுரத்தைத் தொட முடியாமல் திணறுகிறது. இந்த மெதுவான பாட்டில் மட்டும் அந்தக் கரகரப்பே நம்பும்படியாக இருக்கிறது, பின்னால் ஒலிக்கும் சேர்ந்திசைக் குரல்களும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. 'டயரி ஆஃப் அன் எம்டி டே' என்ற பாட்டு லாலோவின் வயலின் படைப்பு ஒன்றின் மேல் கட்டியது. அதன் துள்ளலைக் கெடுக்காமல் ஆர்கனுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டாம் பக்கத்தில் இருப்பவை இரண்டே உருப்படிகள். முதலாவது அதே 'ரோண்டோ'. இப்போது கிட்டார் இல்லை. நால்வர் வாசித்ததை மூவர் வாசித்தால் வெற்றிடம் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு மாறாக, ஜாக்சனின் பேஸ் முன்னே வந்து நடக்கிறது, டேவிசனின் தாளத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது, ஆர்கன் கிட்டாரின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இரண்டாவது, பாப் டிலனின் 'ஷீ பிலாங்ஸ் டு மீ'. ஒரு சிறிய நாட்டுப்புறப் பாங்கான பாட்டைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு நீட்டுகிறார்கள். ஜாக்சன் பாடி முடித்த இடத்திலிருந்து ஆர்கன் தன்னந்தனியே கிளம்பி, ஏறக்குறைய மௌனத்துக்கு இறங்கி, அரங்கத்தில் யாரோ இருமுவது கேட்குமளவு அடங்கி, பிறகு ஒரே இழுப்பில் முழு டிராபார்களும் திறந்ததுபோல் எழும் அந்த இடத்தை நான் எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை. நல்ல நாதஸ்வரக் கச்சேரியில் ஆலாபனைக்குப் பின் தவில் சேரும் கணத்தில் கிடைப்பதற்கு நிகரான நிறைவு அது.

'ஃபைவ் பிரிட்ஜஸ்' தட்டின் பெருமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை. ஜாக்சனின் சொந்த ஊரான நியூகாசிலில் நடந்த கலைவிழாவுக்காக, டைன் ஆற்றின் மேல் உள்ள ஐந்து பாலங்களைப் பொருளாகக் கொண்டு எழுதப்பட்ட தொடர் படைப்பு இது. 1969 அக்டோபர் 10 அன்று அங்கே அரங்கேறியது. ஒரு வாரம் கழித்து குரோய்டன் ஃபேர்ஃபீல்டு ஹாலில், ஜோசஃப் ஈகர் நடத்திய சின்ஃபோனியா ஆஃப் லண்டன் குழுவோடு வாசித்ததே தட்டில் இருக்கிறது. 1970-இல் கரிஸ்மா நிறுவனம் வெளியிட்டு, விற்பனையில் இரண்டாம் இடத்தைத் தொட்டது. நியூகாசில் அரங்கேற்றத்துக்குச் சில நாள் முன்புதான், செப்டம்பர் 24 அன்று, ராக் குழுவும் சேர்ந்திசைக் குழுவும் இணையும் படைப்பு ஒன்றை டீப் பர்ப்பிள் குழு ஆல்பர்ட் ஹாலில் வாசித்திருந்தது; அதை எழுதியவர் அக்குழுவின் ஆர்கன்காரர் ஜான் லார்ட். ஆர்கன்காரர்கள் இருவருக்கும் ஒரே காலத்தில் ஒரே ஆசை வந்திருக்கிறது.

பாலத்தை இசையாக்குவது என்ற எண்ணமே எங்களுக்கு மனத்துக்கு நெருக்கமானது. பறளியாற்றின் மேல் 1966-இல் எழுந்த மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியில் நின்று, அந்தத் தூண்கள் வரிசையாக 115 அடி உயரத்துக்கு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, கட்டுமானத்துக்குள் தாளம் உண்டு என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் படைப்பின் நான்காம் பாகமான 'ஹை லெவல் ஃபியூக்' அந்த உணர்வை மிகச் சரியாகத் தருகிறது. 1849-இல் திறந்த ஹை லெவல் பாலம் இரண்டு தட்டுடையது. மேலே ரயில், கீழே சாலை. எமர்சன் பியானோவில் ஒரு குரலைத் தொடங்கி, அதன் மேலும் கீழுமாக அடுத்த குரல்களை ஏற்றி, ஜாஸ் அசைவோடு ஃபியூக் கட்டுகிறார். ஆஸ்திரியப் பியானோ கலைஞர் ஃபிரீட்ரிக் குல்டாவின் தாக்கம் இதில் உண்டு. இறுதிப் பாகத்தில் ஜோ ஹாரியட், கென்னி வீலர், ஆலன் ஸ்கிட்மோர் போன்ற ஜாஸ் கலைஞர்கள் காற்றுக்கருவிகளோடு சேர்வது விருந்து.

ஆயினும் சேர்ந்திசைக் குழுவும் மூவரும் பெரும்பாலும் மாறி மாறித்தான் வாசிக்கிறார்கள்; கலந்து வாசிக்கும் இடங்களில் கலங்கிப்போகிறது. காரணம் கருவிகளின் இயல்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. நீண்டு நிற்கும் சுரமே ஆர்கனின் வலிமை. வயலின் கூட்டத்தின் வலிமையும் அதுவே. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் ஒன்று மற்றொன்றை மூடிவிடும். சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியின் மூன்றாம் பாகத்தை வைத்து இதைச் சோதிக்கலாம். 'ஃபைவ் பிரிட்ஜஸ்' தட்டில் அது சேர்ந்திசைக் குழுவோடு இருக்கிறது. குழு கலைந்த பின் 1971-இல் வந்த 'எலிஜி' தட்டில் மூவர் மட்டுமே வாசித்தது இருக்கிறது. அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதில் ஆர்கன் ஒரு விருந்தாளி, பின்னதில் வீட்டுக்காரர். வயலின்கள் ஓடும் ஓட்டத்தை அந்த வெட்டி எடுத்த சுரங்கள் ஏற்றுக்கொள்ளும்போது மூலத்தில் இல்லாத ஒரு கடுமை வந்து சேர்கிறது.

'எலிஜி' மிச்சமிருந்த பதிவுகளின் தொகுப்பு என்பதால் பலர் அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. ஃபில்மோர் ஈஸ்டில் வாசித்த நீண்ட 'ஹேங் ஆன் டு எ டிரீம்' மட்டுமே விலைக்கு ஈடாகும். மூன்றாவது தட்டுக்கு அடுத்தபடியாக இதைத்தான் வைப்பேன். பாலைவன மணலில் சிவப்புப் பந்துகளை வரிசையாக வைத்து எடுத்த அதன் அட்டைப்படமும், 'ஃபைவ் பிரிட்ஜஸ்' அட்டையும் ஹிப்னோசிஸ் நிறுவனத்தின் வேலை. எல்பி அளவில் பார்க்க வேண்டியவை.

எமர்சன் 1969 முடிவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிங் கிரிம்சன் குழுவின் கிரெக் லேக்கைச் சந்தித்ததும், மறு ஆண்டு கார்ல் பாமரும் சேர்ந்து எமர்சன், லேக் அண்ட் பாமர் பிறந்ததும் பலரும் அறிந்த வரலாறு. அந்தக் குழுவின் பெரும்புகழ் நைஸை மறைத்துவிட்டது. ஜாக்சனும் டேவிசனும் வேறு குழுக்களில் முயன்று, பின்னர் பாட்ரிக் மொராஸோடு ரெஃபியூஜி என்ற குழுவில் மீண்டும் சேர்ந்தார்கள். 2002-இல் நைஸின் மூவரும் ஒருமுறை கூடி வாசித்தார்கள். டேவிசன் 2008-இலும் எமர்சன் 2016-இலும் காலமானார்கள்.

வாங்குவோருக்குச் சில சொற்கள். இம்மீடியட் நிறுவனம் 1970-இல் நொடித்துப்போனதால், முதல் மூன்று தட்டுகளின் பாட்டுகள் பிற்பாடு பல நிறுவனங்களின் கைக்கு மாறி, வெவ்வேறு தலைப்புகளில் தொகுப்புகளாக வந்துகொண்டே இருந்தன. தலைப்பு புதிதாக இருக்கிறதே என்று வாங்கினால் கையில் உள்ள பாட்டுகளே திரும்பவும் வந்து சேரலாம். பாட்டுப் பட்டியலை வரிக்கு வரி பார்த்த பிறகே பணம் கொடுங்கள். 'அமெரிக்கா' தனித்தட்டாக வந்தது என்பதால், அது சேர்ந்த குறுந்தகடோ தொகுப்போ ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

பழைய எல்பிகளுக்குத் திருவனந்தபுரத்துப் பழைய சாமான் கடைகளில் அவ்வப்போது வாய்ப்பு உண்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் பக்கத்தில் ஈரம் அட்டைக்குள் புகுந்து தட்டில் வெண்புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: புள்ளி மேலோட்டமாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் கொண்டு வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடைத்தெடுக்கலாம், கீறல் என்றால் போகாது. ஒரு கடையில் எனக்கு 'புதிது போல' என்று சொல்லித் தந்த பிரதி ஒன்று ஓரம் வளைந்து, ஊசி துள்ளும் நிலையில் இருந்தது; ஆகவே தட்டை எடுத்து மட்டமான பரப்பில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் இவற்றைக் கேட்பது வீண். ஆர்கனின் கீழ்ச்சுரங்களும் ஜாக்சனின் பேஸும் அதில் அடியோடு காணாமற்போகும். பெரிய ஒலிபெருக்கி இல்லாவிட்டால் காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன் போதும். ஒரே ஒரு தட்டு வாங்குவதானால் மூன்றாவதை வாங்குங்கள். பழைய பிரதியாக இருந்தால், முதல் பக்கத்தில் சிறு கீறல் இருந்தாலும் விட்டுவிடலாம், ஃபில்மோர் ஈஸ்ட் பதிவுள்ள இரண்டாம் பக்கம் பழுதில்லாமல் இருக்கிறதா என்று கடையிலேயே முழுவதும் ஓடவிட்டுக் கேட்டபின் விலை பேசுங்கள்.